முதுமைச் சோர்வு: குற்றவாளி இரத்தக் குழாய் மட்டும்தானா?

முதியவர் ஒருவர் பேச்சைக் குறைத்து, எதிலும் நாட்டமின்றி முடங்கினால், "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்கிறோம். இந்தச் சமாதானத்தை 1997-இல் ஒரு கருத்து அசைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்சோபுலஸ் குழுவினரும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரங்கா கிருஷ்ணன் குழுவினரும் அதை முன்வைத்தனர்.

கருத்து இதுதான்: நெடுநாள் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய தமனிகளைத் தடிக்கச் செய்கின்றன. இரத்த ஓட்டம் குறைய, முன்மூளையை உள் மையங்களோடு இணைக்கும் நரம்பிழைகள் சிதைகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் இவை வெண் திட்டுகளாகத் தெரியும். விளைவு, அழுகையைவிட ஆர்வமின்மையும் சிந்தனை மந்தமும்.

கருத்து வலுவானதே. பல ஆய்வுகளைத் தொகுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரையும் இத்தொடர்பைக் காட்டியது. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. வெண் திட்டுகள் உள்ள முதியோர் பலருக்கு மனச்சோர்வே இல்லை. மேலும், சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடக்கமாட்டார். அதனாலும் குழாய்கள் கெடலாம் அல்லவா?

இன்னொரு சோதனையையும் பாருங்கள். அமெரிக்காவின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றனர். அவர்களிடம் வெண் திட்டுகள் வளரும் வேகம் குறைந்தது. மனச்சோர்வு மதிப்பெண்களோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சில ஆண்டுகளே நடந்த ஆய்வு அது, முடிந்த தீர்ப்பன்று. எனினும் "குழாயைக் காத்தால் மனமும் தேறும்" என்று அடித்துச் சொல்ல இயலாது.

கோடியக்கரைக்கு வாருங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தோப்பும் படகும் உப்பளமும் பாழாயின. அங்கே முடங்கிக் கிடக்கும் முதியவரின் மூளைப் படத்தை மட்டும் பார்ப்பவர், அவர் இழந்ததைப் பார்க்கத் தவறுவார். இழப்பை மட்டும் பேசுபவரோ, இரத்த அழுத்தத்தை அளக்கத் தவறுவார். இரண்டும் பிழையே.

படம் எடுக்க வசதியில்லாத ஊரிலும் ஒன்று செய்யலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்பு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரையோடு இரு கேள்விகளும் வரட்டும்: கடந்த இரு வாரங்களில் மனம் வாடியிருந்ததா? வழக்கமாகப் பிடித்ததில் நாட்டம் குறைந்ததா? 'ஆம்' என்று பதில் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வயதின்மேல் பழி போடாதீர்கள்.