டிக்கியில் இருக்கிறது இலக்கணம்

பள்ளிக்கரணையில் பைனாகுலரோடு நிற்பவர் யாரும் பூநாரை என்ன விலை என்று கேட்பதில்லை. பார்க்கிறார், பெயரைச் சொல்கிறார், சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார். கார்ப் பெயர் என்று பேச்செடுத்தால் மட்டும், “நமக்கெதுக்குங்க, நம்மகிட்ட இருக்கறது டூவீலர்” என்று நழுவிவிடுகிறார்கள். சிக்னலில் முன்னால் நிற்கும் டிக்கியை வாசிக்கக் காசு எதற்கு? டூவீலரில் இருப்பவருக்குத்தான் இன்னும் கிட்டத்தில் தெரியும்.

பாலபாடத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். டிக்கியில் ஒரு பக்கம் மாடல் பெயர், மறுபக்கம் வேரியன்ட். மாருதியில் எல்எக்ஸ்ஐ கீழ்ப்படி, விஎக்ஸ்ஐ நடுப்படி, இசட்எக்ஸ்ஐ அதற்கும் மேலே. சில கம்பெனிகளுக்குக் குடும்ப வழக்கம் உண்டு. லம்போர்கினி காளைச்சண்டைக் காளைகளைப் பிடித்துக்கொண்டது. ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரு காலத்தில் காற்றுகள்: பஸாட், ஷிராக்கோ. மஹிந்திராவுக்குப் பெரும்பாலும் ‘ஓ’வில் முடிய வேண்டும்: பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சைலோ, மராஸோ. 2011-ல் வந்த எக்ஸ்யூவி500-ல் ஓ எங்கே என்றால், அதை ‘ஃபைவ் டபுள் ஓ’ என்று வாசிக்கச் சொன்னார்கள். 2024-ல் எக்ஸ்யூவி300-ஐ 3எக்ஸ்ஓ ஆக்கினார்கள். ஓ போகவில்லை.

பலருக்கு ரசனை தொடங்குவதும் முடிவதும் ‘பெயர் வைத்து மாட்டிக்கொண்ட கம்பெனிகள்’ என்கிற துணுக்கில். ஸ்பானிய மொழியில் ‘நோ வா’ என்றால் ‘ஓடாது’, அதனால் செவர்லே நோவா அங்கே விலைபோகவில்லை என்பார்கள். மார்க்கெட்டிங் வகுப்புகளில் சாகாவரம் பெற்ற புளுகு அது. மெக்ஸிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. உண்மையாகவே நடந்தவையும் உண்டு. மிட்சுபிஷி பஜேரோ ஸ்பானியர்களுக்குக் கெட்ட வார்த்தை என்பதால் அங்கே மொன்டேரோ ஆயிற்று. டாடா ஸிகா 2016-ல் ஸிகா வைரஸ் பரவியதால் டியாகோ ஆயிற்று. சிரிக்கலாம்தான். ஆனால் சிரித்து முடித்ததும் இந்த ரசனை தீர்ந்துபோகும்.

தீராதது வேறொன்று. பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்: இடுகுறிப்பெயர், காரணப்பெயர். மா, பலா என்பவை சும்மா இட்டு வைத்தவை. நாற்காலிக்கு நான்கு கால் என்கிற காரணம் உண்டு. சரி, ஆபீஸில் சுழல்கிறதே, நடுவில் ஒரே தண்டோடு, அதுவும் நாற்காலிதானே? காரணம் செத்த பிறகும் பெயர் நடமாடுகிறது. கார் உலகத்தில் பார்த்து ரசிக்க வேண்டிய இடம் இதுவே.

பிஎம்டபிள்யூவை எடுத்துக்கொள்ளலாம். 1975-ல் 320 என்றால் 3 சீரிஸ், 2.0 லிட்டர் இன்ஜின். மளிகைச் சீட்டு மாதிரி தெளிவு. 1980களில் 325இ வந்தது, உள்ளே 2.7 லிட்டர். இன்று சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்படும் 330எல்ஐ-யின் பானட்டைத் திறந்தால் இருப்பது 2 லிட்டர்தான்.

இதைவிட ருசியானது மெர்சிடிஸின் 63. 1968-ல் வந்த 300 எஸ்இஎல் 6.3-ல் இன்ஜின் மெய்யாகவே 6.3 லிட்டர். 2007-ல் அந்தப் பெருமையைச் சொல்லி சி63 ஏஎம்ஜி வந்தது. இன்ஜின் 6,208 சிசி, அதாவது கணக்குப்படி 62. சின்னப் பொய், மன்னித்துவிடலாம். அடுத்த தலைமுறையில் 4 லிட்டர். 2022-ல் மின்மோட்டார் துணையோடு 2 லிட்டர், நான்கே சிலிண்டர். எண் மட்டும் அசையவில்லை. தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பதற்காகப் பேரனையும் ‘மிலிட்டரிக்காரர்’ என்று தெருவே கூப்பிடுவதைப் போல.

உச்சம் போர்ஷேயின் டைகான் டர்போ. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் தரும் சாதனம். 2019-ல் வந்த டைகான் முழு மின்சாரக் கார். புகையே கிடையாது, சுழல என்ன இருக்கிறது? இதை ஏமாற்று என்று கொதித்தவர்கள் நாற்காலியை எண்ணிப் பார்க்காதவர்கள். ‘டர்போ’ அந்தக் கம்பெனியில் ‘மேல்படி’ என்று பொருள் மாறி வெகு காலமாகிறது.

அதே கம்பெனியின் 911-க்குப் பின்னால் ஒரு தகராறு. 1963-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் அது 901. 1929-ல் வந்த 201 தொட்டு நடுவில் சைபர் வைத்த மூன்றிலக்கம் எங்கள் வழக்கம் என்று பெஜோ மறித்தது. நடு சைபர் ஒன்று ஆயிற்று. அந்த ஒன்றுக்கு இன்ஜினில் காரணம் தேடிப் பயனில்லை. 2024-ல் மஹிந்திராவின் பிஇ 6இ-யும் இப்படித்தான். 6இ எங்களுடையது என்று இண்டிகோ விமான நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, வால் கழன்று பிஇ 6 ஆனது.

எதிர்த்திசையும் உண்டு. இடுகுறிபோல் தெரியும், கீறினால் காரணம் கசியும். டொயோட்டா 1955-ல் கிரவுன் என்று வைத்தது. பிறகு வந்த கொரோனா, லத்தீனில் கிரீடம். 1966-ல் கொரோலா, சின்னக் கிரீடம். தாவரவியல் பாடத்தில் ‘அல்லி வட்டம்’ என்று படித்தோமே, அதே சொல். கேம்ரியோ ஜப்பானிய ‘கன்முரி’யிலிருந்து வந்தது, அதுவும் கிரீடமே. கேம்ரி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மைலேஜுக்கும் டிக்கி கொள்ளளவுக்கும் நான்கு பக்கம் ஒதுக்குகிற விமர்சகர்கள் பெயருக்கு ஒரு வரி தந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போதைய மோஸ்தரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. டாடாவின் கர்வ் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வி, மஹிந்திராவின் ராக்ஸுக்கு இரண்டு எக்ஸ். நியூமராலஜி ஜோசியர் எழுத்தைக் கூட்டச் சொன்னாரோ என்னவோ. அதைவிடக் கொடுமை அமெரிக்காவின் லிங்கன் செய்தது. எம்கேஎஸ், எம்கேடி, எம்கேஎக்ஸ், எம்கேஇசட், எம்கேசி என்று வரிசையாக வைத்து, எது எது என்று புரியாமல் எல்லோரையும் அலையவிட்டது. கடைசியில் நாட்டிலஸ், கோர்செர் என்று ஒழுங்கான பெயர்களுக்கே திரும்பியது. நம் ஊரில் மாருதி, ஜென் என்ற அருமையான பெயரை 2006-ல் எடுத்து எஸ்டிலோ என்ற உயரமான டப்பாவுக்குச் சூட்டியதை ஜென் பிரியர்கள் இன்னும் மறக்கவில்லை.

கொஞ்சம் காதோடு ஒரு விஷயம். ஜெர்மனியில் புதுக் காருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே மாடல் எழுத்து வேண்டாம் என்று சொல்லி வெறும் டிக்கியாக வாங்கிக்கொள்ளலாம். நம்மூரில் நேர்மாறு. ஆக்சஸரீஸ் கடையில் இசட்எக்ஸ்ஐ எழுத்து தனியாகக் கிடைக்கும். விஎக்ஸ்ஐ வாங்கியவர் அதை ஒட்டிக்கொள்வார். அடுத்த சிக்னலில் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். பழைய வண்டியாக இருந்தால், இசட்டுக்கு அடியில் வி இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெயில் படாமல் பளிச்சென்று இருக்கும்.