பென்டாக்ஸ் கே1000

1976-லிருந்து 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவைச் சிலர் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு அத்தனை பக்தி இல்லை. செல்ஃப் டைமர் கிடையாது. லைட் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி காலி. ஆனால் பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், ஆயிரத்தில் ஒரு செகண்ட் வரை. உள்ளே எல்லாம் ஸ்பிரிங், பல்சக்கரம். அதனால்தான் இன்றும் ரிப்பேர் பண்ண முடிகிறது.

வாங்குகிறீர்களா? பின்கதவைத் திறந்து கீல் பக்கத்து ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்றியாக வேண்டும்; இல்லையேல் வெளிச்சம் கசிந்து ஃபிலிம் பாழ். அலமாரியில் பூட்டி வைத்தால் எண்ணெய் இறுகி ஷட்டர் மக்கர் பண்ணும்.

பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒருவர் அகப்பட்டால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.