கோடம்பாக்கத்தில் பதினேழு டிகிரி

எட்டு பாட்டில் கொள்ளும் ஒயின் கூலர் ஒன்று ஆறு வாரமாக எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, மேலே தொட்டால் ஒளிரும் டிகிரி எண். ஆன்லைனில் ஐந்தாறு பெயரில் விற்பது ஒரே பெட்டிதான், ஸ்டிக்கர்தான் வேறு. அதனால் பிராண்டைச் சொல்லிப் பயனில்லை. விலை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பிரித்த அன்றே அம்மா கேட்டாள்: “இதுக்குப் போய் பன்னிரண்டாயிரமா? ஃப்ரிட்ஜ் என்ன பாவம் பண்ணுச்சு?” அந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

இதை வாங்க வைத்தது இரண்டு பாட்டில் போர்தோ ஒயின். பாரிஸில் லா சப்பேல் பக்கம் இருக்கும் அத்தை மகன் ஏப்ரலில் வந்தபோது கொண்டுவந்தான். ஆளுக்கு 2 லிட்டர் வரை விமான நிலையத்தில் வரி கிடையாது. லேபிளின் பின்பக்கம் மெர்லோ 60, கபர்னே சொவினியோன் 30, கபர்னே ஃபிராங்க் 10 சதவீதம் என்று திராட்சை ரகக் கணக்கு. “ஃப்ரிட்ஜில வைக்காத, ரூம் டெம்பரேச்சர்ல குடி” என்று சொல்லிவிட்டு அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

எந்த ரூம்? பிரெஞ்சில் இதற்கு ‘ஷாம்ப்ரே’ என்று ஒரு சொல் உண்டு. நிலவறையிலிருந்து எடுத்து அறையில் சற்று நேரம் வைப்பது. ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய அறை அது, 16, 17 டிகிரி இருந்தால் அதிகம். எங்கள் ஹால் மே மாத மதியத்தில் 35. அடுத்த ரயில் நிறுத்தமான நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரியே பதிவாகியிருக்கிறது. புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனுக்குச் சொல்லும் யவனர் மதுகூட குளிர்ந்த மதுதான். ரூம் டெம்பரேச்சர் என்று புலவர் சொல்லவில்லை.

முதல் பாட்டிலைத் திறந்து மூன்று கிளாஸில் ஊற்றினேன். ஒன்று மேஜையிலேயே இருந்தது, 33 டிகிரி. முகர்ந்தால் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது, நாக்கில் ஜாம். இரண்டாவதை ஃப்ரிட்ஜில் வைத்து 8 டிகிரிக்கு இறக்கினேன். வாசனை சுத்தமாக இல்லை, துவர்ப்பு மட்டும் பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி பல்லில் ஒட்டியது. மூன்றாவது, கூலரிலிருந்து எடுத்த 17. முதலில் நாவல்பழம். அதன் பின்னால் பென்சில் சீவும்போது வரும் மர வாசனை, ஓரத்தில் மிக லேசாகக் குடைமிளகாய். துவர்ப்பு இருந்தது, ஆனால் வெற்றிலை போட்டபின் நிற்கும் பாக்குத் துவர்ப்பு அளவில். ஒரே பாட்டில்தான். 33இல் குடித்தவன் இதைப் போர்தோ என்று நம்ப மாட்டான்.

குடைமிளகாய் கற்பனை இல்லை. கபர்னே குடும்பத் திராட்சையிலும் குடைமிளகாயிலும் இருப்பது பைரசின் என்ற ஒரே வகைச் சேர்மம். கபர்னே சொவினியோன் தாமதமாகப் பழுக்கும், தோல் தடிப்பு, துவர்ப்பும் முதுகெலும்பும் அதனுடையது. மெர்லோ சீக்கிரம் பழுக்கும், சதைப்பற்று, அந்த நாவல்பழ மென்மை அதிலிருந்து வருவது. அட்லாண்டிக் ஓரத்து ஊர் போர்தோ, வசந்தத்தில் பனி அடிக்கும், அறுவடை நேரத்தில் மழை கொட்டும். ஒரே ரகத்தை நம்பினால் ஒரே மழையில் எல்லாம் போய்விடும். நம்மூர் விவசாயி குறுவையில் முழுப் பணத்தையும் போடாத அதே கணக்குதான். ஜிரோந்து முகத்துவாரத்துக்கு இடக்கரைக் கூழாங்கல் மண்ணில் கபர்னேயும், தொர்தோஞ் ஆற்றுக்கு வலக்கரைக் களிமண்ணில் மெர்லோவும் ஓங்கி நிற்கும். நல்லவை பெரும்பாலும் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் முதிரும். வெயில் கூடுகிறது என்று 2021இல் புதிதாக ஆறு ரகங்களுக்கு அங்கே அனுமதி தந்திருக்கிறார்கள். போர்ச்சுகலின் தூரிகா நசியோனலும் அதில் ஒன்று.

பெட்டிக்கு வருகிறேன். இதில் கம்ப்ரஸர் இல்லை. உள்ளே இருப்பது பெல்ட்டியர் சில்லு, கேரம் போர்டு காயைவிடச் சற்றுப் பெரிய சதுர வில்லை. கரன்ட் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். 1834இல் இதைக் கண்டுபிடித்த பெல்ட்டியரும் பிரெஞ்சுக்காரர், முதலில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். அதிர்வு கிடையாது, சத்தம் சின்ன ஃபேன் சத்தம் மட்டும். ஆனால் ஒரு விஷயத்தை விளம்பரத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள்: இது எட்டுவது வெளிச்சூட்டிலிருந்து இவ்வளவு குறைவு என்ற அளவைத்தான். நான் 14இல் வைத்தேன். இரவு ஏசி ஓடி ஹால் 26க்கு வந்தால் சொன்னபடி 14. மதியம் ஹால் 35, உள்ளே வைத்த சமையல் தெர்மாமீட்டர் 21. மேலே எண் மட்டும் கூசாமல் 14 என்றே ஒளிர்ந்தது. தினமும் 7 டிகிரி ஏறி இறங்குவது, நிலையாக 20இல் கிடப்பதைவிட ஒயினுக்குக் கெடுதல்.

நான்காவது வாரம் பெட்டிக்குள் மதியச் சூடு 24க்குப் போனது. பின்பக்க மூடியைக் கழற்றினால், ஆற்காடு சாலை மெட்ரோ வேலைப் புழுதி முழுக்க ஹீட் ஸிங்க்கில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் மறுபடி 21.

கரன்ட் கணக்கும் சொல்ல வேண்டும். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், 70 வாட். வெயிலில் இது ஓய்வதே இல்லை, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அரசு இலவசமாகத் தருவதும் அதே 100 யூனிட்தான். அதை முழுசாக இந்தப் பெட்டி குடித்துவிடுகிறது.

பக்கத்து ஃபிளாட்டில் பிலிம் லேபில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை டிகிரி தம்பி?” என்றார். பதினான்கு என்றேன். எக்ஸ்போஸ் பண்ணாத நெகட்டிவ் ரோலையும் 13க்குக் கீழேதான் வைக்கச் சொல்வார்களாம். கதவைத் திறந்து உள்ளே கைவைத்துப் பார்த்துவிட்டு, “இதுல வச்சா படம் ஊத்திக்கும்” என்றார்.

அப்படியானால் என்ன செய்வது? குடிக்கும் அன்றைக்கு மட்டும் குளிர வேண்டுமென்றால் பெட்டியே வேண்டாம். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், 33இலிருந்து 17க்கு வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெறும் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈரத்துண்டு சுற்றி மண்பானைப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன், சென்னைப் புழுக்கத்தில் 28க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேமிக்க நினைப்பவர்கள் காசு சேர்த்துக் கம்ப்ரஸர் வைத்த கூலரையே வாங்கலாம்.

பிரான்சிலிருந்து வர ஆள் இல்லாதவர்களுக்கு நந்தி மலைப் பக்கத்து குரோவர் லா ரிசர்வ் இருக்கிறது. போர்தோக்காரர் மிஷேல் ரோலான் ஆலோசனையில் உருவான கபர்னே-ஷிராஸ் கலவை. போர்தோ பாணியில் ஷிராஸா என்று முகம் சுளிக்க வேண்டாம், 19ஆம் நூற்றாண்டில் ஒயின் நோஞ்சானாக இருந்தால் அவர்களே ரோன் பக்கத்து ஷிராஸை ஊற்றிக் கலந்தவர்கள்தான். ஒயின் ஷாப் என்று நாம் சொல்லும் கடையில் தேடாதீர்கள், அங்கே ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். மால்களில் இருக்கும் எலைட் டாஸ்மாக்கில் கேட்டுப் பாருங்கள். இதையும் 17இல் குடித்தேன், மிளகு நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது போர்தோவைத் திறக்கவில்லை. இப்போதைக்கு ஃப்ரிட்ஜ் காய்கறித் தட்டில், முருங்கைக்காய்க்கு அடியில் படுத்திருக்கிறது. நவம்பரில் மழை பிடித்து ஹால் 27க்கு வந்ததும் கூலருக்கு மாற்ற வேண்டும். அதுவரை அந்த எட்டு இடத்தில் ஆறை அம்மா எடுத்துக்கொண்டாள். வெற்றிலையும் மல்லிகைச் சரமும் நான்கு நாள் வாடாமல் இருக்கின்றன.