மாஹனின் கடல்வலிமை: வரையறையும் நிறைவேற்றமும்

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மாஹன் 1890-இல் வெளியிட்ட 'வரலாற்றின் மீது கடல்வலிமையின் தாக்கம், 1660–1783' என்னும் நூலை அதன் செல்வாக்கை வைத்து அளக்கக் கூடாது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதைப் போற்றியது புகழுக்குச் சான்று, தரத்துக்குச் சான்றன்று. இங்கிலாந்து, ஹாலந்து, பிரான்ஸ் ஆகியவற்றின் கடற்போட்டியை அது எவ்வளவு விளக்குகிறது என்பதே கேள்வி.

முதல் இயலின் கட்டுக்கோப்பு உறுதியானது. உற்பத்தி, கப்பல் போக்குவரத்து, குடியேற்றங்கள் மூன்றையும் ஒரே தொடராக இணைக்கிறார். புவியியல் அமைவு முதல் அரசின் தன்மை வரை ஆறு காரணிகளை வகுக்கிறார். இவற்றுள் 'தேசிய குணம்' மட்டும் ஆய்வுக் கருவியாகத் தேறவில்லை. வென்றவர்களிடம் வணிக உணர்வு மிகுந்திருந்தது என்பது விளைவையே காரணமாக்கும் வாதம்.

நூலின் சிகரம், வங்கக் கடலில் 1782–83-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் நடத்திய போர்களைப் பற்றிய பகுதி. சதுரங்கப்பட்டினம் தொடங்கிக் கடலூர் வரை ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடன் ஐந்து மோதல்கள். நாகப்பட்டினப் போருக்குப் பின் சுஃப்ரேன் தொலைவிலுள்ள பிரெஞ்சுத் தளமான மொரிஷியஸுக்குத் திரும்பவில்லை. கடலூரிலேயே கப்பல்களைச் செப்பனிட்டு, ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றினார். ஹியூஸ் வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. துறைமுகத் தளமே கடற்படையின் உயிர்நிலை என்பதை மாஹன் இங்கே நிகழ்வுகளைக் கொண்டே நிறுவுகிறார். சுஃப்ரேனை வியக்கிறார், அவருடைய கேப்டன்கள் உடன் வரத் தவறியதையும் மறைக்கவில்லை. புகழ்ச்சியும் கண்டிப்பும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன.

அந்தக் கண்டிப்பை வணிகத்தின்மேல் அவர் செலுத்தவில்லை. சோழமண்டலக் கரையின் துணி வணிகமே ஐரோப்பியக் கம்பெனிகளை இங்கே ஈர்த்தது. அந்தத் துணியும், அதை நெய்தவர்களும், முன்பணம் பெற்றுத் தந்த இடைத்தரகர்களும் நூலில் இடம்பெறவில்லை. எதற்காகப் போரிட்டார்கள் என்பதைவிட எப்படிப் போரிட்டார்கள் என்பதே பக்கங்களை நிறைக்கிறது. 1660-இல் தொடங்கியதன் விலையும் பெரிது: 1651-இன் கப்பல் போக்குவரத்துச் சட்டமும் அதைத் தொடர்ந்த முதல் ஆங்கில-டச்சுப் போரும் நூலின் கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. மூல ஆவணங்களை நாடாமல் அச்சேறிய வரலாறுகளையே பெரிதும் சார்ந்ததும் இக்குறையை ஆழமாக்குகிறது.

போர்முறைத் திறனாய்வாக இந்நூல் முதல் தரமானது; போட்டியின் வரலாறாகப் பாதி வழியில் நின்றுவிட்டது. முதல் இயல் வணிகத்தை வேர் என்கிறது. அடுத்தடுத்த இயல்கள் வேரைத் தோண்டிப் பார்க்கவில்லை. மாஹனைத் தளபதிகளை மதிப்பிடும் நீதிபதியாக ஏற்கலாம். வணிகத்தின் சாட்சியாக ஏற்க இயலாது.