வேகம் சரி, வெப்பம் எவ்வளவு?

எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய உறவான ஹைட்ராக்சிஅபடைட்டை வீழ்படிவு முறையில் செய்யப் பொறுமை வேண்டும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் அமோனியம் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காரத்தன்மை குறையாமல் பார்த்துக்கொண்டு, கிடைத்த கூழைப் பெரும்பாலும் ஒரு நாள் முதிர விடுவார்கள். மைக்ரோவேவில் அந்த வேலை அரை மணிக்குள் முடிகிறது. சென்னை ஐஐடியில் சம்பத் குமார் குழுவினர் முட்டை ஓட்டிலிருந்தே இவ்வழியில் நானோ அபடைட் செய்து 2007-இல் வெளியிட்டார்கள். குப்பைக்குப் போவது எலும்பு நிரப்பும் பொருளாகலாம் என்பது சாதாரணச் செய்தியல்ல.

ஆனால் இந்த வேகத்தில் மாயம் எதுவும் இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலையின் ஓர் ஒளித்துகளுக்குள்ள ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. வேதிப்பிணைப்பை அறுக்க அதைப்போல் சில லட்சம் மடங்கு வேண்டும். நீர் மூலக்கூறுகளும் அயனிகளும் அலையை நேரே உறிஞ்சுவதால் கரைசல் சட்டெனச் சூடாகிறது. ஒரே நேரத்தில் ஏராளமான படிகக் கருக்கள் தோன்றுகின்றன, வளர அவகாசமின்றிச் சிறியவையாகவே நிற்கின்றன. வேலை செய்வது வெப்பம்தான்.

அப்படியிருக்க, பல கட்டுரைகள் வாட்டையும் நிமிடத்தையும் மட்டும் சொல்லி வெப்பநிலையை விட்டுவிடுவது பெருங்குறை. வீட்டு மைக்ரோவேவ் அடுப்புகள் பலவற்றில் பாதித் திறன் என்றால் முழுத் திறனை விட்டுவிட்டுச் செலுத்துவது என்றே பொருள். உள்ளே ஓரிடம் கொதிக்கும், பக்கத்திலேயே வெதுவெதுப்பாக இருக்கும். ஓர் அடுப்பின் செய்முறை இன்னோர் அடுப்பில் அதே பொருளைத் தராது.

விளைவு கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தில் தெரியும். அது 1.67 இருந்தால்தான் முறையான அபடைட். கால்சியம் குறைந்த அபடைட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் ஏறத்தாழ அதே முகம் காட்டும். 1000 டிகிரியில் சுட்டால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் வெளிப்பட்டு உண்மை தெரியும். இந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை. கால்சியம் குறைவது குற்றம் என்று சொல்லவில்லை. எலும்பின் கனிமமே அப்படிப்பட்டது. உடலில் எளிதில் கரைந்து புது எலும்புக்கு இடம் விடுவதும் அதுதான். ஆனால் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கவேண்டும்.

அளவைப் பெருக்குவதும் எளிதல்ல. நீருக்குள் இந்த அலை சில சென்டிமீட்டரே நுழையும். பெரிய தொட்டியைவிடக் குழாயில் ஓடவிட்டுச் சூடாக்குவதே வழி.

ஒளியிழை வெப்பமானியும் கலக்கியும் உள்ள ஆய்வக உலை எல்லாக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. அங்கே திறந்த பாத்திரத்தில், ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி, கொதிநிலையிலேயே வினையை நடத்தலாம். ஏறத்தாழ 100 டிகிரியை நீரே காத்துக்கொள்ளும். கூடவே, ஒப்பீட்டுக்காக, அதே கரைசலை எண்ணெய்த் தொட்டியில் அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்து, இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வெளியிடவேண்டும்.