சுழிய ஆண்டும் நினிவேயின் நாற்பது நாள்களும்

நாம் வழங்கும் ஆண்டுக் கணக்கில் சுழியம் என்றோர் ஆண்டு இல்லை. ஆறாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த தியோனீசியு என்னும் துறவி கிறிஸ்து பிறப்பை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுகளைக் கணித்தபோது முதலாம் ஆண்டிலிருந்தே எண்ணினார். பின்னாளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தையும் எண்ணத் தலைப்பட்டபோது, கி.மு. 1-ஐ அடுத்துக் கி.பி. 1 வந்தது. இடையில் வெற்றிடம் ஏதுமில்லை. மீட்பு வரலாற்றை அழித்துவிட்டுத் தொடங்குவதில்லை; அதற்குள்ளேயே வருகிறது என்பது நம் நம்பிக்கை.

ஆனால் தங்களையே மீட்பர்களாக எண்ணிக்கொள்ளும் ஆட்சியாளர்களுக்கு நாட்காட்டியின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1792-ஐத் தங்கள் குடியரசின் முதலாம் ஆண்டின் தொடக்கமாக்கினர். 1975-இல் கம்போடியாவைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் படையினர் நகரங்களை வெறுமையாக்கி, பழையன அனைத்தையும் துடைத்தெறிய முயன்றனர். அக்கொடுமையை 1977-இல் நூலாக எழுதி உலகுக்கு உரைத்தவர் பிரான்சுவா போன்ஷோ என்னும் பிரெஞ்சு மறைப்பணிக் குரு. 'கம்போடியா: சுழிய ஆண்டு' என்பது அந்நூலின் பெயர்.

அத்தகைய சுழிய ஆண்டொன்று அமெரிக்காவுக்கே வந்தால் என்னவாகும் என்று கற்பனை செய்த இசைத்தொகுப்பொன்றை இங்கு ஆராய விழைகிறோம். 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' என்ற பெயரில் 1988 முதல் இசையமைத்துவரும் ட்ரென்ட் ரெஸ்னர், 2007 ஏப்ரலில் வெளியிட்ட 'இயர் ஜீரோ' அது. அட்டிகஸ் ராஸ் உடனிருந்து உருவாக்கினார். மொத்தம் 16 உருப்படிகள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகும். ஆலை இயந்திரங்களின் உராய்வையும் அடியோசையையும் மின்னிசைக் கருவிகளால் எழுப்பிப் பாட்டாக்கும் 'இண்டஸ்ட்ரியல் ராக்' வகையைச் சேர்ந்தது. செவிக்கு இனிமை தேடுவோர் முதல் இரண்டு நிமிடங்களிலேயே எழுந்து போய்விடக்கூடும். எனினும் பொறுத்திருந்து கேட்போர்க்கு இதில் சிந்திக்கப் பொருளுண்டு.

கதை இதுதான். பயங்கரவாதத் தாக்குதல்களைக் காரணம் காட்டி முழு அதிகாரத்தையும் கையிலெடுத்துக்கொண்ட அமெரிக்க அரசு, நாடு 'மறுபடியும் பிறந்ததாக' அறிவித்து 2022-ஆம் ஆண்டைச் சுழிய ஆண்டாக்குகிறது. ஒழுக்கத்தைக் கண்காணிக்க ஓர் அரசுப் பணியகம் அமைகிறது. மக்கள் கேள்வி கேளாதிருக்கக் குடிநீரில் 'பாரெபின்' என்னும் மருந்து கலக்கப்படுகிறது. இடையிடையே வானத்திலிருந்து பேருருவான கை ஒன்று இறங்குவதைப் பலர் காண்கின்றனர்; இசைத்தட்டின் அட்டையில் உள்ள படமும் அதுவே. அக்கை இறைவனுடையதா, மருந்தின் மயக்கமா என்று யாருக்கும் விளங்கவில்லை. இறுதியில், ஆட்சியை எதிர்க்கும் சிலர் கணினிகளின் வழியே காலத்தில் பின்னோக்கி, 2007-இல் வாழ்வோர்க்கு எச்சரிக்கைச் செய்திகளை அனுப்புகின்றனர்.

இச்செய்திகள் நேயர்களை அடைந்த விதமும் புதுமையானது. 2007 பிப்ரவரியில் லிஸ்பன் நகரில் கச்சேரி நடந்தபோது, வெளிவராத பாடல் பதிந்த சிறு மின்சேமிப்பான் ஒன்று கழிப்பறையில் கிடந்தது. சுற்றுப்பயணச் சட்டையில் அச்சான சொற்களில் சில எழுத்துகள் மட்டும் தடித்திருந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தோர்க்கு, நம்ப முயல்கிறேன் என்று பொருள்படும் வாக்கியம் ஒன்று கிடைத்தது. இசைத்தட்டோ கருநிறமுடையது. இயக்கிய வெப்பத்தில் வெளுத்து, சுழியங்களும் ஒன்றுகளுமான எண் வரிசை ஒன்றைக் காட்டும்.

2022 வந்தது, போனது. பாரெபினும் வரவில்லை, வானத்துக் கையும் வரவில்லை. அப்படியாயின் இத்தொகுப்பு பொய்த்துவிட்டது என்று தள்ளலாமா? இவ்விடத்தில்தான் விவிலியம் நமக்கு வேறோர் அளவுகோலைத் தருகிறது. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று யோனா அறிவித்தார். நினிவே அழியவில்லை. மக்கள் சாக்கு உடுத்து மனம் திரும்பினர். இறைவனும் தண்டனையை விலக்கினார். தம் வாக்கு நிறைவேறவில்லையே என்று சினந்தவர் யோனா ஒருவரே. இறைவாக்கு என்பது நடக்கப்போவதைக் கணித்துச் சொல்லும் சோதிடம் அன்று. நடக்கவிடாமல் தடுக்கும் அழைப்பு. ஆகவே எச்சரிக்கும் கலையைப் பார்த்து 'பலித்ததா?' என்று கேட்பது பொருந்தாது. 'கேட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதா?' என்பதே உரிய கேள்வி.

இக்கேள்விக்கு 'இயர் ஜீரோ' பெரும்பாலும் தகுதியான விடை தருகிறது. இதில் ரெஸ்னர் மேடையேறி ஆள்வோரைத் திட்டவில்லை. குற்றத்தில் பங்குடையோரின் வாயாலேயே பேசுகிறார். 'த குட் சோல்ஜர்' பாடலில், ஏவப்பட்டதை நம்ப முயன்றும் முழுதாக நம்ப இயலாத படைவீரன் பேசுகிறான். 'கேப்பிடல் ஜி' பாடலில், தன் வாக்கினால் தலைவனை அமர்த்திவிட்டு, அதனால் விளைந்த அழிவைப் பற்றி உறுத்தல் சிறிதுமின்றி வாழ்பவன் பேசுகிறான். ஒவ்வொரு பாடலிலும் 'நான்' என்பவன் வேறொருவன். ஆனால் கேட்கும் நமக்கு எவனும் முற்றிலும் அந்நியன் அல்லன்.

'காட் கிவன்' என்ற பாடல் நம் போன்றோரைத் தனியாகத் தீண்டுகிறது. தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள் யார், வெளியே நிறுத்தப்பட வேண்டியவர்கள் யார் என்று பிரித்துக் கூவும் மதவெறியனின் குரல் அது. இசை துள்ளி ஆட அழைக்கிறது. சொற்கள் விலக்கித் தள்ளுகின்றன. இதைச் சமயத்தின் மீதான வழக்கமான ஏளனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பெத்தேலில் ஆமோசை விரட்டிய அமட்சியா ஒரு குரு அல்லவா? அவர் காட்டிய காரணம் அது அரசனின் திருத்தலம் என்பதே. பலிபீடம் அரியணைக்குப் பாதபீடமாகும்போதெல்லாம் வெளியிலிருந்து எழும் குரலை நாம் கேட்கத்தான் வேண்டும். அது கரகரத்த குரலாயிருப்பது தள்ளிவிடக் காரணமாகாது.

இசையமைப்பில் உச்சம் தொட்ட இடம் ஒன்றுண்டு. 'த கிரேட் டிஸ்ட்ராயர்' மெல்லிசையாகத் தொடங்கி, இடையில் உடைந்து, சொற்களற்ற மின்னிரைச்சலாகச் சிதறி முடிகிறது. மனிதன் தன் கருவிகளுக்குள் தானே நொறுங்குவதை விளக்கவுரையின்றி உணர்த்தும் பகுதி அது. அதனை அடுத்து வருவது பாடலற்ற பியானோ இசை. பேரிரைச்சலுக்குப் பின் அந்த எளிய சுரங்கள், புயலுக்குப் பின் எலியா உணர்ந்த மென்மையை நினைவூட்டுகின்றன. நூறு பாடல்களுக்கு நடுவிலும் இவ்விரண்டும் நிலைத்து நிற்கும்.

குறைகளும் உள. கதையின் பெரும்பகுதி தட்டுக்கு வெளியே சிதறிக் கிடந்தது. புதிர்களை அவிழ்த்தோர்க்கன்றி, தட்டை மட்டும் கேட்போர்க்குப் பல பாடல்களின் பின்னணி விளங்குவதில்லை. மருந்தால் வரும் மயக்கமும் மக்களைக் கண்காணிக்கும் அரசும் ஹக்ஸ்லியும் ஆர்வெல்லும் முன்பே எழுதிச் சென்றவை. வசைச் சொற்கள் உள்ளமையால் இது சிறுவர்க்குரியதன்று.

ஆனால் இவற்றினும் ஆழமான குறை வேறு. பெல்சாட்சர் அரசனின் விருந்தில் சுவரில் எழுதிய கைக்குப் பொருளுரைக்க ஒரு தானியேல் இருந்தார். இங்கு வானத்துக் கை இறங்குகிறது, உரைப்பார் யாருமில்லை. அச்சம் எஞ்சுகிறது, உறவு பிறக்கவில்லை. மேலும், இறுதிப் பாடலான 'ஜீரோ சம்' மனித இனம் தொடக்கத்திலேயே அழிவுக்கு விதிக்கப்பட்டது என்கிறது. அப்படியானால் காலத்தைக் கடந்து எச்சரிக்கை அனுப்பியது எதற்கு? தப்ப வழியே இல்லாத நினிவேக்கு யோனாவை அனுப்புவது கொடுமை அன்றோ? நம் பாவ நாட்டத்தை மறைக்காத நம் இறையியல், நம் உரிமையையும் மறுப்பதில்லை. பிறவிக் குறை வேறு, தலைவிதி வேறு. இவ்வேறுபாட்டைக் காணாததால், தான் கட்டிய கதையின் அடித்தளத்தைத் தொகுப்பு தானே அசைத்துவிடுகிறது.

இருந்தும் அதே பாடலில் இன்னொன்றும் நிகழ்கிறது. அதுவரை தனித்தனியே தத்தம் நியாயத்தைப் பேசிவந்த 'நான்'கள் அங்கே 'நாம்' ஆகின்றனர். முணுமுணுப்பாகச் சொல்லிவந்த குரல் பலகுரலாகி, வெட்கத்தை ஒப்புக்கொண்டு, இறைவனின் இரக்கத்தை வேண்டுகிறது. படைவீரனும் வாக்காளனும் மதவெறியனும் இவ்வாறு ஒருசேர நிற்பதைத் திருப்பலியின் தொடக்கத்தில் நாம் நாள்தோறும் காண்கிறோம். விதியே முடிந்ததென்று நம்புவோன் இரக்கத்தை வேண்டமாட்டான். பாடலின் கொள்கை ஒன்று சொல்ல, அதன் மன்றாட்டு வேறொன்று சொல்கிறது. அம்மன்றாட்டே உண்மைக்கு நெருங்கியது என்பது நம் கருத்து. அதற்காகவே இந்தக் கரடுமுரடான தட்டை, பொறுமையுள்ள வயதுவந்த நேயர் ஒருமுறை முழுதும் கேட்கலாம் எனப் பரிந்துரைக்கிறோம்.