அகன்ற டயரும் ஒதுங்கிய கையும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழக்கத்தை, அதன் குணதோஷங்களோடு நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன். அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனம் 1963 முதல் 1982 வரை விற்ற கார்வெட் கார்களின் பின்புறத்தில் அகலமான டயர்களைப் பூட்டுவதற்காக, பின்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் டிரெய்லிங் ஆர்ம் என்னும் இரும்புக் கையைக் கழற்றிவிட்டு, உட்புறமாக ஒதுங்கும்படி வளைத்துச் செய்த வேறொரு கையை அவ்விடத்தில் பொருத்துகிறார்களே, அந்தப் பழக்கத்தையே சொல்கிறேன். செய்கிறவர்கள் இதனை அற்பமான திருத்தமென்று எண்ணுகிறார்கள். எதிர்க்கிறவர்கள் இதனைப் பழம்பொருளுக்கு இழைக்கும் துரோகமென்று ஏசுகிறார்கள். டயர் சாலையிலிருந்து வாங்கும் விசை எந்தெந்த உறுப்பின் வழியாகச் சேஸிஸைச் சென்று சேர்கிறது என்பதை இவ்விரு சாராரும் காரின் அடியிற் குனிந்து பின்தொடர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்த பின்னரே மெச்சவோ குறை கூறவோ நமக்கு உரிமை உண்டாகும்.

அகலமான டயர் வேண்டுமென்ற ஆசையில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1967-ஆம் ஆண்டுக் கார்வெட்டில் வந்த 427 கன அங்குல எஞ்சின், அதன் வலிய வடிவத்தில் 435 குதிரைசக்தி உடையதென்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சக்தி முழுவதும் ஆறு அங்குல அகலமே உள்ள வீல்களில் ஏறிய குறுகிய டயர்களின் வழியாகவே சாலையில் இறங்க வேண்டியிருந்தது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்ததில் வியப்பென்ன? தொழிற்சாலையும் இதை உணர்ந்தே இருந்தது. 1963-இல் ஐந்தரை அங்குலமாக இருந்த எஃகு வீல், 1968-இல் ஏழு அங்குலமும், 1969-இல் எட்டு அங்குலமும் ஆயிற்று. 1978-இல் 255 மில்லிமீட்டர் அகல டயரையே விரும்பியவர்களுக்கு விற்றார்கள். இத்தனைக்கும் பின்சஸ்பென்ஷனின் அடிப்படை நிர்மாணம் மாறவில்லை. ஆகவே டயரை அகலமாக்குவது இந்தக் காரின் சுபாவத்துக்கே விரோதமானது என்று வாதிப்பவர், முதற் குற்றவாளியாக ஷெவர்லேயையே கூண்டில் நிறுத்த வேண்டிவரும்.

அந்த நிர்மாணம் மிகுந்த சாமர்த்தியமுள்ளது. ஸோரா ஆர்க்கஸ்-டன்டொவ் என்ற பொறியியலாளரின் முயற்சியால் 1963-இல் கார்வெட்டுக்குக் கிடைத்த இந்தத் தனித்தியங்கும் பின்சஸ்பென்ஷனில், இரு பக்கமும் சேஸிஸில் உள்ள ஒரு பொந்தில் முன்முனை பொருந்திய கை ஒன்று பின்னோக்கி நீண்டு சக்கரத்தின் பேரிங்கைத் தாங்குகிறது. சக்கரம் பக்கவாட்டில் சாயாமல் கீழே ஒரு மெல்லிய கோல் பிடித்துக்கொள்ள, மேலே பிடிப்பதற்குத் தனியான உறுப்பென்று எதுவும் இல்லை. டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்தைச் சுழற்ற வரும் அரை அச்சுத்தண்டே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. டிஃபரென்ஷியலின் பின்னே குறுக்காகக் கிடக்கும் ஒரே கமான்பட்டை இரு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங்காகிறது. செலவையும் இடத்தையும் மிச்சப்படுத்திய இந்த ஏற்பாட்டில், சக்கரத்தின் உட்புறத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே கை ஓடுவதால், டயர் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை அந்தக் கையே வரையறுத்துவிடுகிறது.

ஒதுங்கிய கையின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. பேரிங்கும் முன்முனையும் பழைய ஸ்தானத்திலேயே இருக்க, டயருக்கு அருகே ஓடும் நடுப்பகுதி மட்டும் ஏறத்தாழ அரை அங்குலம் உள்ளே தள்ளிப்போவதால், 255 மில்லிமீட்டர் டயர் இருந்த இடத்தில் 275 மில்லிமீட்டர் டயர் நுழைய வழி பிறக்கிறது. இதே காரியத்தை வேறு விதமாகவும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே கனத்த தகட்டை வைத்து டயரை வெளியே தள்ளுவது ஒரு வழி. அப்படித் தள்ளினால் சக்கரத்தின் மையக்கோடு பேரிங்குகளை விட்டு விலகி, அவற்றை வளைக்க முயலும் நெம்புவிசை பெருகுகிறது. வெளியே வந்த டயர் மட்கார்டில் இடிக்கிறது. அதற்காகக் கண்ணாடியிழையாலான சரீரத்தையே அறுத்து, அதன்மேல் புடைப்புகளை ஒட்டுகிறார்கள். 1968-இல் வந்த அந்த உடல், இடை சிறுத்துத் தோள் உயர்ந்த அதன் அழகு, ஒரு முறை ரம்பம் பட்டுவிட்டால் திரும்ப வருவதில்லை. ஒதுங்கிய கையோ போல்ட்டுகளால் பூட்டப்படுவது. பழைய கையை எண்ணெய் பூசி எடுத்து வைத்தால், அடுத்து வரும் உரிமையாளர் விரும்பியபோது காரை அசல் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, மற்ற வழிகளைவிட இதனை நான் உயர்ந்ததாக மதிக்கிறேன்.

ஆனால் இடம் கிடைத்துவிட்டது என்பதோடு காரியம் முடிந்ததாக எண்ணுவதுதான் இப்பழக்கத்தின் பெருந்தவறு. வளைவில் திரும்பும்போது டயர் எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு பக்கவிசையும் சஸ்பென்ஷனுக்குள் புகுகிறது. இந்தக் காரில் அதன் ஒரு பகுதி அரை அச்சுத்தண்டின் வழியாக, யூ ஜாயின்ட்டைத் தள்ளிக்கொண்டு, டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் யோக் என்னும் குட்டைத் தண்டின் முனையைப் போய் முட்டுகிறது. சுழல்வதற்கென்று அமைந்த ஓர் உறுப்பு, சுவர்போல் நின்று தாங்கவும் வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிய காரின் டிஃபரென்ஷியலைத் திறந்து யோக்கை வெளியே எடுத்துப் பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய அதன் முனை தேய்ந்து குறுகியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் அந்த யோக் டிஃபரென்ஷியலுக்கு உள்ளே போய் வெளியே வரும். அத்தகைய காரில் 275 மில்லிமீட்டர் டயரைப் பூட்டுகிறவர் பலத்தைக் கூட்டியது டயரில். பலவீனத்தை வளர்த்தது யோக்கில்.

இன்னொரு விஷயமும் உண்டு. அகலமான டயர் தரையை அதிகமான பரப்பில் தொடுகிறது என்ற நம்பிக்கை பரவலானது. காற்றின் அழுத்தமும் காரின் பாரமும் மாறாதவரை, தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதன் வடிவமே குறுகி நீண்டதிலிருந்து அகன்று குட்டையானதாக மாறுகிறது. அகன்ற அந்த வடிவம் வளைவில் நன்மை தருவது மெய்யே. எனினும் சக்கரம் சற்றுச் சாய்ந்தாலும் அதன் ஒரு விளிம்பு தரையை விட்டு எழும்பிவிடுகிறது. இந்தச் சஸ்பென்ஷனிலோ மேலே அச்சுத்தண்டும் கீழே கோலும் இணையாக இல்லாமையால், சக்கரம் மேலேறும்போதெல்லாம் உச்சி உள்நோக்கிச் சாய்கிறது. குறுகிய டயர் பொறுத்துக்கொண்ட இந்தச் சாய்வை அகன்ற டயர் பொறுப்பதில்லை. கீழ்க்கோலின் உட்பிடியைத் தாழ்த்தி, கோலை அச்சுத்தண்டுக்கு இணையாகக் கொண்டுவருவது இதற்குப் பரிகாரம். ஒதுங்கிய கைக்குப் பணம் செலவழித்தவர்கள் இந்தச் சிறிய உறுப்பை மறந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கமான்பட்டையின் முனை புதிய டயரின் உட்பக்கத்தை உரசுமா என்று பார்ப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உரசும், பட்டையைக் குட்டையாக்கத்தான் வேண்டும்.

வேலையின் கடினமும் சொல்லத்தக்கது. கையின் முன்முனையில் ரப்பர் புஷ்ஷின் வழியே செல்லும் நீண்ட போல்ட், துருப்பிடித்து உள்ளிரும்போடு ஒன்றாகிவிட்டிருக்கும்; பொந்துக்குள் ரம்பத்தை நுழைத்து அதை அறுத்தே எடுக்க வேண்டும். புஷ்ஷின் இருபுறமும் செருகியிருக்கும் மெல்லிய தகடுகளே சக்கரம் எந்தத் திசையை நோக்குகிறது என்பதை நிர்ணயிப்பவை. இவற்றின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளாமல் உருவிப் போட்டவர்கள், பிறகு வண்டி நேராக ஓடவில்லையே என்று அலைகிறார்கள். சக்கரத்தின் பிரேக் தட்டைத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்திருப்பதால் அதைத் துளைத்துத்தான் கழற்ற முடியும். பேரிங்கைத் திரும்ப ஏற்றும்போது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு அசைவு மட்டுமே எஞ்சும்படி டயல் கேஜ் வைத்து அளந்து, தகடுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை உகந்ததன்று.

தொழிற்சாலை நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவான டயரையே கொடுத்தது என்பதையும் மறத்தல் ஆகாது. பின்னால் மட்டும் அகலப்படுத்தினால், வளைவில் பின்புறம் சாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, முன்புறம் வெளிநோக்கி வழுகிச் செல்கிறது. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பிப் பயன் காணாமல், வேகம் குறையும்வரை காத்திருக்க வேண்டியவராகிறார்.

என் முடிவைக் கேட்பவர்க்கு நான் கூறுவது, காரை எதற்காக வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மரநிழற் சாலையில் ஓட்டி மகிழும் காருக்கு, பழைய கையோடும் ஒத்துப்போகும் 255 மில்லிமீட்டர் டயரே போதும். கூடுதலான 20 மில்லிமீட்டருக்காக அந்த ரிவெட்டுகளைத் துளைப்பது வீண் செலவு. 427 எஞ்சினுடன் பந்தயத் தடத்துக்குச் செல்லும் காராக இருந்தால், யோக்குகளையும் யூ ஜாயின்ட்டுகளையும் முதலிற் புதுப்பித்து, கீழ்க்கோலின் பிடியைத் தாழ்த்தி, முன்சக்கரங்களுக்கும் தக்க டயரைத் தேடி வைத்துக்கொண்டபின், ஒதுங்கிய கையைக் கடைசியில் பூட்டச் சொல்வேன்.